பிள்ளையைப் பார்த்துக்கொள்

எங்கள் காயல்பட்டினத்து வீடுகளில் ஒரு பெண்பிள்ளைக்குப் பத்து வயது நிறையும் முன்பே அவள் இடுப்பில் ஒரு குழந்தை ஏறி உட்கார்ந்துவிடும். மணமான பெண்கள் தாய்வீட்டிலேயே வாழ்வது எங்கள் ஊர் வழக்கமாதலால், ராத்தாவின் பிள்ளை, சாச்சியின் பிள்ளை என்று வீட்டுக்குள் எப்போதும் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். ஆண்கள் கொழும்பிலும் சென்னையிலும் வணிகத்தில் இருப்பார்கள். வீட்டு வேலை, விருந்து, கல்யாணம், மௌத்து என்று பெண்களுக்கு ஓயாத அலுவல்கள். வாசலைத் தாண்டும்போது அவர்கள் வீட்டிலிருக்கும் சிறுமியைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள்: "பிள்ளையைப் பார்த்துக்கோம்மா."

அந்த வாக்கியத்தின் பொருள் என்ன என்பதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நானும் பல்லாண்டுகள் என் மக்களிடம் அதையே சொல்லிவிட்டு வெளியே போயிருக்கிறேன். அதன் பொருளைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய கட்டாயம் இந்த முதிய வயதில், சென்ற ரமலானில்தான் எனக்கு நேர்ந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் மனத்துக்குள் பூட்டி வைத்திருந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1973-ஆம் ஆண்டு. எனக்கு வயது பன்னிரண்டு. எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீடு. லுஹர் தொழுதுவிட்டு உம்மாவும் ராத்தாவும் மற்றப் பெண்களும் முடுக்கு வழியாக அங்கே புறப்பட்டார்கள். ராத்தாவின் மகனுக்கு ஒன்றரை வயது. நடக்கப் பழகி, இப்போது ஓடப் பழகிக்கொண்டிருந்த பருவம். அவனையும் என்னையும் விட்டுவிட்டுப் போனார்கள். வழக்கமான வாக்கியம் சொல்லப்பட்டது. நானும் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

அன்று காலையில் யாரோ அரிக்கேன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு, மிஞ்சியதை ஓர் அலுமினியக் குவளையில் விட்டுச் சமையற்கட்டுப் படியில் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் சீமெண்ணெய் என்று சொல்வோமே, அந்த மண்ணெண்ணெய். பார்வைக்குத் தண்ணீர் போலவே தெளிந்திருக்கும். நான் முற்றத்தில் உட்கார்ந்து தோழியுடன் கழற்சிக்காய் ஆடிக்கொண்டிருந்தேன். இருமல் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவன் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டை நனைந்திருந்தது. வாயில் நாற்றம்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தவுடன் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? அவன் வாயைத் துடைத்தேன். சட்டையைக் கழற்றி அலசிக் கொடியில் போட்டேன். குவளையைக் கழுவிக் கவிழ்த்தேன். தோழியை வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு அவனை மடியில் போட்டுக்கொண்டு எனக்குத் தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதத் தொடங்கினேன். கல்யாண வீடு கூப்பிடு தூரம். ஓடிப்போய் ராத்தாவிடம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நான் போகவில்லை. அடி விழும் என்ற பயம் ஒன்றுதான் காரணம். வேறு காரணம் எதையும் நான் புனைந்து சொல்ல விரும்பவில்லை.

அஸருக்குப் பின் அவர்கள் திரும்பியபோது பிள்ளைக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. உடம்பு சுட்டது. ராத்தா அவனைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. "எப்போ குடிச்சான்?" என்று கேட்டாள். "இப்பத்தான்" என்றேன். பெரியவர்கள் கூடி உப்புத் தண்ணீரைக் கரைத்துப் புகட்டி, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். அக்காலத்தில் அறிந்தவர்களும் அறியாதவர்களும் ஒன்றுபோல் செய்த வைத்தியம் அது. வாந்திக்குப் பின் இரைப்பு இன்னும் மிகுந்தது. வாடகைக் கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். அங்கே மருத்துவரும் என்னைப் பார்த்து அதே கேள்வியைத்தான் கேட்டார். அவருக்கும் அதே பொய்யைத்தான் சொன்னேன்.

பிள்ளை பத்து நாட்கள் மருத்துவமனையில் கிடந்தான். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டான். இன்று அவனுக்கும் பேரப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேர மௌனத்தைப் பற்றி மட்டும் ராத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. அவள் மௌத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

மண்ணெண்ணெய் வயிற்றுக்குள் இறங்குவதால் விளையும் கேட்டைவிட, அது மூச்சுக் குழாய் வழியே நுரையீரலுக்குள் கசிவதால் விளையும் கேடே பெரிது என்பதை மருத்துவம் படித்த என் தம்பி மகள் பின்னாளில் எனக்கு விளக்கினாள். வாந்தி எடுக்கச் செய்தால் அந்த எண்ணெய் இரண்டாம் முறையாகத் தொண்டையைக் கடக்கிறது. அப்போது நுரையீரலுக்குள் புகும் வாய்ப்பும் இரட்டிப்பாகிறது. எனவே வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. நனைந்த உடையைக் கழற்றி, மேலைக் கழுவி, குடித்த பொருளின் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். அவளிடம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குத் தெரியாமல் செய்யப்பட்ட தவறும் தெரிந்தே நான் செய்த தவறும் என் கண்முன் அருகருகே நின்றன. உப்புத் தண்ணீர் புகட்டியவர்கள் அறியாமல் செய்தார்கள். நான் அறிந்தே வாய் மூடியிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குவளையை அங்கே வைத்தவர் யார் என்று அந்தப் பத்து நாளில் ஒருவரும் கேட்கவில்லை. அவர் பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை. "ஒரு பிள்ளையைப் பார்க்கத் துப்பில்லை" என்ற பேச்சு முழுவதும் என் மேல் விழுந்தது. அந்தி சாய்ந்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளவும், கதவுகளை அடைக்கவும், பாத்திரங்களை மூடி வைக்கவும், விளக்குகளை அணைக்கவும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை மார்க்க வகுப்பில் ஓதிக் கேட்ட வீடுதான் எங்கள் வீடு. பாத்திரத்தை மூடுவது பெரியவர்களின் கடமை. அவர்கள் மூடாமல் விட்ட பாத்திரத்துக்கு ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி காவல் நின்றாள்.

சென்ற ரமலானுக்கு வருகிறேன். என் மகளின் கடைசிப் பிள்ளைக்கு ஒரு வயதும் நான்கு மாதமும். அவனை வைத்துக்கொண்டு முதல் பத்து நாளும் தராவீஹுக்காகத் தைக்காவுக்கு வர முடியாமல் மகள் ஏங்கிக்கொண்டிருந்தாள். அவனுடைய அக்காளுக்குப் பன்னிரண்டு வயது. ஒருநாள் நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது அவளே சொன்னாள்: "உம்மா போகட்டும் உம்மம்மா. தம்பியை நான் பார்த்துக்கிறேன்."

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதே வயது, அதே வாக்கியம். முடியாது என்றுதான் முதலில் வாயில் வந்தது. ஆனால் எத்தனை நாளைக்கு முடியாது என்று சொல்வது? நாளை நாம் இல்லாத ஒரு வேளையில், ஒன்றும் கற்றுக் கொடுக்கப்படாமலே அவள் கையில் ஒரு குழந்தை வந்து சேரத்தான் போகிறது. அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கத்தார் பதினோரு வயது நிறைந்த பிள்ளைகளுக்குக் குழந்தை பார்ப்பதற்கென்றே வகுப்பு நடத்துகிறார்கள். அங்கே கூலிக்குப் பார்ப்பதால் கற்றுக்கொள்கிறார்கள். பாசத்துக்குப் பார்ப்பவர்களுக்குப் படிப்பு வேண்டாம் என்று நாம் எண்ணிக்கொண்டோம் போலும்! ஒரு வாரம் பொறு என்று மகளிடம் சொன்னேன். பேத்தியை அழைத்து உட்கார வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் நான் அவளுக்கு மூஸா நபி (அலை) அவர்களின் சகோதரியைப் பற்றிச் சொன்னேன். சூரத்துல் கஸஸில் வரும் வரலாறு. குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட தாய், மகளை அழைத்து, அதைப் பின்தொடர்ந்து செல்லும்படி மட்டுமே சொல்கிறார். ஆற்றில் குதி என்று சொல்லவில்லை. பேழையை மீட்டு வா என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணால் செய்யக்கூடியதாக ஒரே ஒரு காரியம் அவளிடம் ஒப்படைக்கப்பட்டது. கண்ணை எடுக்காமல் பார்ப்பது. அவள் தூர நின்று, யாரும் அறியாதபடி பார்த்துக்கொண்டே சென்றாள். ஃபிர்அவ்னின் வீட்டில் குழந்தை எந்தச் செவிலியிடமும் பால் குடிக்க மறுத்த வேளையில், முன்வந்து, சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னாள். குழந்தை தாயின் மடிக்குத் திரும்பியது. "அவ்வளவுதான் உன் வேலையும். பார்க்க வேண்டும். ஏதாவது நேர்ந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் எங்கள் வேலை" என்றேன்.

அப்போது அவள் கேட்டாள்: "நான் தப்புப் பண்ணினதாலே ஏதாவது ஆயிட்டா?"

அந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன் என்று சொல்லலாம். 1973-இல் நடந்ததை, ராத்தாவிடமும் சொல்லாத அந்த ஒன்றரை மணி நேரத்தோடு, அவளிடம் சொன்னேன். அதுவரை உலகத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. பத்து வயதில் நாயகம் (ஸல்) அவர்களின் பணிக்குச் சேர்ந்த அனஸ் (ரலி) அவர்கள், பத்து ஆண்டுகளில் ஒரு முறைகூடத் தம்மை நாயகம் சலித்துக்கொண்டதில்லை என்று சொன்ன செய்தியையும் சொன்னேன். "நீ என்ன தப்புச் செய்திருந்தாலும், வந்து சொன்னால் இந்த வீட்டில் உன்னை யாரும் அடிக்க மாட்டார்கள், ஏசவும் மாட்டார்கள். நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை அவள் உம்மாவின் வாயாலும் சொல்ல வைத்தேன். மகளுக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. பிள்ளைகளுக்குப் பயம் வேண்டாமா என்று கேட்டாள். பயந்ததால்தான் ஒரு பிள்ளை சாகக் கிடந்தான் என்றேன். அதற்குமேல் அவள் பேசவில்லை.

மறுநாள் நானும் பேத்தியும் வீடு முழுவதும் முழங்காலிட்டுத் தவழ்ந்தோம். என் முழங்கால்களுக்கு அது அத்தனை எளிதாக இல்லை, வீட்டிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் ஒழிய வீடு எப்படி இருக்கிறதென்று தெரியாது. கட்டிலுக்கடியில் அறுந்துபோன தஸ்பீஹின் மணிகள் இரண்டு கிடந்தன. மேசைக்குக் கீழே ஒரு பேரீச்சங்கொட்டை. நோன்புக் காலத்தில் அது எல்லா வீட்டிலும் சிதறிக் கிடக்கும். ஒரு குழந்தையின் மூச்சை அடைக்க அது போதும். துணி அலமாரியின் கீழ்த்தட்டில் அந்துருண்டை. பழைய ரிமோட்டிலிருந்து கழன்ற பொத்தான் போன்ற சிறு பேட்டரி ஒன்றும் அகப்பட்டது. அது தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் சதையைப் பொசுக்கிவிடும் என்று தம்பி மகள் சொல்லியிருந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேத்தி வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்கு அரிக்கேன் விளக்கு, இன்றைக்கு இது.

குளியலறையில் பாதி நிரம்பிய வாளி இருந்தது. இதைப் பற்றி மட்டும் மூன்று முறை சொன்னேன். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடம்பைப் பார்க்கிலும் தலை கனம். எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் அதனால் எழ முடியாது. நான்கு விரற்கடை தண்ணீர் போதும். எல்லாவற்றையும்விடக் கொடியது, சத்தம் வராது. கிணற்றில் விழுந்தால்தான் ஆபத்து என்று எண்ணிக் கிணற்றுக்கு மூடி போட்ட நாம், வாளியைக் கவிழ்த்து வைக்கப் பழகவில்லை. அழுகிற குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம், சத்தமில்லாத குழந்தையைத்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.

கஞ்சிச் சட்டியைத் தரையில் வைப்பது எங்கள் வீட்டில் நாள்பட்ட வழக்கம். அன்றுமுதல் அது மேடைக்கு ஏறியது. சாம்பிராணிச் சட்டி உயரத்துக்குப் போயிற்று. மருந்துப் பெட்டிக்குப் பூட்டு வந்தது. சேலையில் கட்டிய தொட்டிலை, குழந்தை அதில் இல்லாத வேளையில் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். அதை முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிப்போன பிள்ளைகள் உண்டு. இவையெல்லாம் பேத்தியின் வேலைகள் அல்ல, பெரியவர்களின் வேலைகள். அவள் கையில் பிள்ளையைக் கொடுக்கும் முன்பு நாங்கள் முடித்துவைக்க வேண்டியவை.

மூன்றாம் நாள் தம்பி மகள் வந்தாள். ஒரு தலையணையையும் ஒரு துணிப் பொம்மையையும் வைத்துக்கொண்டு, தொண்டையில் ஏதேனும் சிக்கினால் என்ன செய்வதென்று கற்றுக்கொடுத்தாள். புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லும் பரம்பரை நாம். தலையில் தட்டுவதால் பயனில்லை. குழந்தை இருமிக்கொண்டோ அழுதுகொண்டோ இருந்தால் காற்றுப் போகிறது என்று பொருள். இரும விட்டுவிட வேண்டும். வாய் திறந்தும் சத்தம் வராவிட்டால்தான் நாம் இறங்க வேண்டும். குழந்தையை முன்புறம் நன்றாகக் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வெளியே வராவிட்டால் பின்னால் மண்டியிட்டுத் தொப்புளுக்குச் சற்று மேலே கைமுஷ்டியை வைத்து உள்நோக்கி மேலாக 5 அழுத்து. மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த சிசுவானால் வயிற்றை அழுத்தக் கூடாது. முன்கையின் மேல் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி 5 தட்டு, பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவே 5 அழுத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடித் தொண்டையில் விரல் விடுவது அதை இன்னும் உள்ளே தள்ளும். பேத்தி தலையணையைப் படாத பாடு படுத்தினாள். அவளுடைய பதினான்கு வயதுக் காக்கா வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயும் உள்ளே வா" என்றேன். இது பொம்பளை வேலை என்று முனகினான். நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுதார்கள், ருகூவுக்குப் போகும்போது இறக்கிவிட்டு எழும்போது தூக்கிக்கொண்டார்கள் என்பதை உனக்கு எந்த உஸ்தாதும் சொல்லவில்லையா என்று கேட்டேன். வந்து உட்கார்ந்தான். அவன் தங்கையைவிட விரைவாகவே கற்றுக்கொண்டான் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

தீக்காயத்துக்கு மை, பற்பசை, நெய் எதுவும் கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், பனிக்கட்டி வைக்கக் கூடாது என்பதையும் அன்றே கற்றார்கள். 108-க்கு எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்தோம். 2008 முதல் தமிழ்நாட்டில் அந்த வண்டி ஓடுகிறது. ஆனால் பதறிப்போன ஒரு பிள்ளைக்குத் தன் வீட்டு முகவரி வாயில் வராது. தெருப் பெயர், பக்கத்துப் பள்ளிவாசல், குழந்தையின் வயது, என்ன நேர்ந்தது ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

அழுகையை நிறுத்தாத குழந்தையைப் பற்றித் தனியே பேசினோம். பாலும் குடித்து, துணியும் மாற்றியாகி, தோளில் போட்டு உலாவியும் அழுகிறது. பார்ப்பவள் தானே ஒரு குழந்தை. அவளுக்கும் கோபம் வரும். கோபம் வருவது பாவமல்ல என்று சொன்னேன். ஆனால் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. ஒரு கணம் வேகமாக உலுக்கினாலே மூளைக்குள் இரத்தம் கசிந்து, பிள்ளை வாழ்நாளெல்லாம் முடங்கிப்போகக் கூடும். பாதுகாப்பான இடத்தில் கிடத்திவிட்டு, கதவோரம் போய் நின்று மூச்சை இழுத்து விட்டுக்கொள். அப்படியும் ஆகவில்லையானால் பெரியவர்களைக் கூப்பிடு. கூப்பிட்டதற்காக யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. நம் ஏடுகளில் இதை எழுதத் தயங்குவோம். தயங்கியதன் விலையைப் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்கள் இல்லாத வேளையில் கதவைத் தட்டுபவர் உறவினரேயானாலும் திறக்க வேண்டாம். வாப்பாவின் கூட்டாளி என்றாலும், ஓதிக்கொடுப்பவர் என்றாலும், உம்மா வந்தபின் வாருங்கள் என்று உள்ளிருந்தே சொல். தம்பியின் உடம்பையோ உன் உடம்பையோ யாரும் தகாத முறையில் தொட்டால், அவர் எவ்வளவு மதிப்புக்குரியவரானாலும், அதை எங்களிடம் சொல்வது புறம் பேசுவதாகாது. எங்களிடம் சொல்ல முடியாமற்போனால் 1098 என்ற எண் இருக்கிறது. இதைச் சொல்லும்போது பேத்தி தலை குனிந்திருந்தாள். நானும் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். ஆயினும் சொல்லிவிட்டேன்.

ஒரு வரம்பையும் வகுத்தோம். தராவீஹ் நேரம் மட்டும். ஒரே ஒரு குழந்தை. வீட்டில் அண்ணனோ தங்கையோ ஒருவர் தனியாக இராமல், பக்கத்து வீட்டு மாமி முடுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை குழந்தை பார்ப்பதற்காக ஒரு நாளும் பள்ளியை விடக் கூடாது. என் வகுப்பில் படித்த எத்தனையோ பேர் தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்தே படிப்பை இழந்தார்கள். ஏழை வீட்டுச் சிறுமிகளைக் கிராமத்திலிருந்து கொண்டுவந்து பிள்ளை பார்க்க வைக்கும் வழக்கமும் அந்நாளில் எங்கள் தெருக்களில் இருந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதல் சட்டப்படி குற்றம். அந்தச் சிறுமிகள் கையிலிருந்து ஒரு குழந்தை விழுந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நானாவது அந்த வீட்டு மகள், ஏச்சோடு தப்பினேன்.

இருபத்தோராம் நோன்பிலிருந்து மகள் தைக்காவுக்கு வரத் தொடங்கினாள். முதல் இரண்டு இரவும் அவளுக்குத் தொழுகையில் மனம் நிற்கவில்லை என்று சொன்னாள். மூன்று வீடு தள்ளித்தான் தைக்கா. மூன்றாம் இரவும் நான்காம் இரவும் ஒன்றுமில்லாமல் கழிந்தன. தம்பி தூங்கினான், விழித்தான், பால் குடித்தான், மறுபடியும் தூங்கினான் என்று பேத்தி ஒரு தாளில் மணி போட்டு எழுதி வைத்திருந்தாள்.

ஐந்தாம் இரவு. நான்கு ரக்அத்து முடிந்து சற்று இளைப்பாறும் வேளையில் தைக்காவின் பின்கதவு திறந்தது. பேத்தி நின்றாள். இடுப்பில் சின்னவன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம். பக்கத்து வீட்டு மாமி அவள் பின்னாலேயே மூச்சு வாங்க வந்தார். ஸஃப்பில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் எழுந்து ஓடினாள். நானும் போனேன்.

"எப்போ விழுந்தான்?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் உம்மம்மா. அஞ்சு நிமிஷம்கூட ஆகலே. கட்டில்லேருந்து விழுந்தான்." சிறிது நிறுத்தினாள். "நான் போனைப் பார்த்துட்டிருந்தேன். அவன் ஏறினதைப் பார்க்கலே."

ஸஃப்பிலிருந்து ஒரு மூதாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் நிறுத்திக்கொண்டார். மகளின் கை எழும்பியதைக் கண்டேன். அந்தக் கை வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியில் பனிக்கட்டியைச் சுற்றி நெற்றியில் ஒற்றினோம். தம்பி மகளிடம் தொலைபேசியில் கேட்டோம். உடனே அழுதானா, நினைவு தப்பினானா, வாந்தி எடுத்தானா என்று அவள் கேட்டவற்றுக்கெல்லாம் பேத்திதான் பதில் சொன்னாள். உடனே அழுதான், நினைவு தப்பவில்லை, வாந்தியில்லை. தூங்கட்டும், ஆனால் இடையிடையே எழுப்பிப் பாருங்கள். மயங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே கொண்டு வாருங்கள் என்றாள். அன்று ஸஹர் வரைக்கும் பேத்தியும் நானும் அவன் பக்கத்தில் மாறி மாறி விழித்திருந்தோம். அவள் முறை வந்தபோது தன் போனைக் கொண்டுபோய் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.